ஒரு வாய் எண்ணெய்

என் அக்காவைக் கட்டிய மனிதர் தன் உத்தியோக வாழ்க்கையில் பாதியை ஒரே ஒரு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றியே கழித்தவர். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். தொழிற்சாலையில் அவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். மூத்தவர்கள் சொட்டு என்பார்கள், இளையவர்கள் சொட்டு அண்ணன் என்பார்கள், மேலாளர் மட்டும் மரியாதையாகச் சொட்டு சார் என்பார். நானும் அங்கேதான் ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். அதனால் அவர் கதையை நான்தான் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதையே தேவையில்லாமல் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்புகிற விமானத்துக்கான ஜெட் எஞ்சின் அது. மற்ற ஜெட் எஞ்சின்கள் படுத்துக்கொண்டு வேலை செய்யும். இது நின்றுகொண்டு வேலை செய்யும். அதன் வாய் வானத்தைப் பார்த்திருக்கும், நெருப்புக் காற்று தரையைப் பார்த்து அடிக்கும். விமானம் எழும்பும்போது ஒன்றிரண்டு நிமிடம், இறங்கும்போது ஒன்றிரண்டு நிமிடம், அவ்வளவுதான் அதற்கு உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் விமானத்தின் வயிற்றுக்குள் சும்மா உட்கார்ந்து ஓசிப் பயணம். சும்மா வருகிற ஆள் குண்டாகவும் இருந்தால் யார் சுமப்பது? ஆகவே அந்த எஞ்சினை இளைக்க வைப்பதே எங்கள் அத்தனை பேருடைய பிழைப்பாகவும் இருந்தது.

உலோகம் இருந்த இடத்தில் கண்ணாடி இழையையும் பிசினையும் வைத்தார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அடித்துச் சுழற்றினால் போதும் என்றார்கள். கடைசியில் எண்ணெய் டேங்க், எண்ணெய் பம்ப், அதற்கான குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடுகிற எஞ்சினுக்கு எதற்கு அவ்வளவு ஜபர்தஸ்து, ஒரு வாய் எண்ணெய் போதாதா என்பது கணக்கு. எஞ்சின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். ஓட்டுவதற்கு முன்னால் அதில் ஒரு வாய் எண்ணெய் ஊற்ற வேண்டும். எஞ்சினைச் சுழற்ற அடிக்கிற காற்றே அந்த எண்ணெயையும் தள்ளிக்கொண்டு போய் பேரிங்குகளில் சேர்க்கும். எண்ணெய் வேலையை முடித்துவிட்டு எரிந்து வெளியே போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு அடுத்த வாய்.

அந்த ஒரு வாயை ஊற்றுகிறவர்தான் என் மச்சான்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எஞ்சின் பக்கத்தில் மேடையில் குத்துக்கால் போட்டு உட்காருவார். சின்னக் கண்ணாடிப் புட்டியிலிருந்து எண்ணெயைக் கிண்ணத்தில் சாய்ப்பார். கடைசிச் சொட்டு விழும்வரை அசையமாட்டார். அந்தக் கடைசிச் சொட்டுக்காக அவர் காத்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது. பிறகு எழுந்து, காலிப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, தடிமனான கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பொத்தான்காரருக்குக் காட்டுவார். எஞ்சினை ஓட்டுகிற பொத்தான் அந்த மனிதரிடம் இருந்ததால் அவருக்கு அப்படிப் பெயர். தலைகீழ்ப் புட்டியைப் பார்க்காமல் அவர் பொத்தானைத் தொடமாட்டார். இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதைவிடப் புட்டியைக் காட்டிக்கொண்டதுதான் அதிகம்.

அந்த எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. சுட்ட ரப்பர் மாதிரி, மூக்கில் ஏறினால் இறங்காது. என் அக்கா அவருடைய சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். “இந்த ஆளைக் கட்டிக்கிட்டு எனக்கு மூக்கே மரத்துப்போச்சு” என்று ஊரெல்லாம் சொல்வாள். அவள் சொல்வது செல்லம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், தன் சீருடையை அப்பாவின் துணிகளோடு ஒரே கொடியில் காயப்போட விடமாட்டாள். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெண் நன்றாகப் படித்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலையில் சேர்ந்தாள். அங்கே கண்ணாடி வாங்க வந்த ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது, அவனுக்கும் பிடித்துப்போய்விட்டது, கல்யாணமும் ஆயிற்று. பையன் சாது. அவன் அம்மாதான் அந்த வீட்டில் எல்லாமே. ஒரு பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் இவர் வேலைக்குத் தாமதமாக வந்தவரோ என்கிற மாதிரியே பார்ப்பார். நல்ல மனுஷிதான். ஆனால் நாக்கு கூர்மை, என்னுடையதைவிடக் கூர்மை.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, அக்கா வீட்டுக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் இருந்தேன். சாப்பாட்டின் நடுவில் சம்பந்தியம்மா மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

“சம்பந்தி, உங்க தொழிற்சாலையில குடும்பத்துக்காரங்க எல்லாரும் வந்து பார்க்கலாம்னு ஒரு நாள் வைக்கிறாங்களாமே. நீங்க டிசைன் பண்ண எஞ்சினை எங்களுக்கும் காட்டக்கூடாதா? எங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன், மருமகளோட அப்பா ஜெட் எஞ்சின் டிசைன் பண்றவர்னு.”

அக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் வாயைத் திறந்தேன். மச்சான் தன் மகளைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“வாங்க, பார்க்கலாம்” என்றார் மச்சான். அதற்குப் பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா தாம் தூம் என்று குதித்தாள். “என்ன இது? எண்ணெய் ஊத்துறது என்ன திருட்டா? நாளைக்கே போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்க.”

“பொண்ணு ஒரு பேச்சு சொல்லிட்டா. புகுந்த வீட்டுல அவ பொய்க்காரின்னு ஆகணுமா?”

“அதுக்காக?”

“ஒரு நாள்தானே. ஒரு நாள் வேடிக்கை பார்க்கிற இடத்துல நானும் உட்கார்ந்துட்டு வந்துடறேன்.”

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். வரவில்லை. கை கழுவும் இடத்தில் நின்று நகங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தன் மகளுக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது என்று ஒரு மனிதன் தெரிந்துகொண்ட இரவு அது. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

மேலாளரிடம் போய் அன்றைக்குத் தனக்கு விடுப்பு வேண்டும், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஆசை என்று கேட்டார். மேலாளர் சந்தோஷமாகக் கொடுத்தார். எண்ணெய் ஊற்றும் வேலையை யாரிடம் விடுவது? காற்றுக் குழாயைப் பிடிக்கிற ஆள் ஒருவன் இருந்தான், ஓயாமல் பேசுவதால் அவன் பெயர் ரேடியோ. அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எப்படி உட்கார வேண்டும், புட்டியை எவ்வளவு சாய்க்க வேண்டும், கடைசிச் சொட்டுக்கு எப்படிக் காத்திருக்க வேண்டும், எந்தக் கையால் தூக்கிக் காட்ட வேண்டும், எல்லாம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. காற்றடித்து, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் நின்றுபோனால், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி காற்றடிப்பதற்கு முன்னால் மறுபடி ஊற்றியாக வேண்டும். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன விஷயம். சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. சோதனை மேடைக்கு எதிரே, கயிறு கட்டி, கொஞ்ச தூரம் தள்ளி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். மச்சான் அக்கா தேய்த்துக் கொடுத்த வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். புது ஷூ கடித்து லேசாக நொண்டினார். எங்கள் ஆட்கள் அவரைக் கடந்து போகும்போது “என்ன சொட்டு, மாப்பிள்ளைக் கோலமா?” என்று கேட்க வாயெடுப்பார்கள். நான் பின்னாலிருந்து முறைப்பேன். போய்விடுவார்கள். அன்று காலை முழுவதும் அதுதான் என் உத்தியோகம்.

மேடையில் எஞ்சின் நின்றிருந்தது. கூடப் பிறந்த எஞ்சின்கள் எல்லாம் சோதனையில் உடைந்து, கழற்றி, பிரித்து ஓய்ந்துபோய்விட்டன. உருப்படியாக மிஞ்சியது அது ஒன்றுதான். அன்றைக்கு நன்றாக ஓடினால் அதை விமானத்தில் ஏற்றுவார்கள். கெட்டுப்போனால் அத்தனை வருஷ உழைப்பும் அங்கேயே முடிந்தது, புதிதாக ஒன்று செய்து பார்க்க மேலிடத்துக்குப் பொறுமை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“இதுல எந்தப் பகுதி நீங்க பண்ணது?” என்று கேட்டார் சம்பந்தியம்மா.

“எண்ணெய்ப் பகுதி” என்றார் மச்சான்.

“பெரிய வேலையோ?”

“சின்னதுதாங்க.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் எவ்வளவு தூரம் உண்மையை வைத்தே ஒப்பேற்றுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவருடைய மகள் சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஒலிபெருக்கியில் ஒரு அலுவலகப் பையன் ஏதேதோ உற்சாகமாக அறிவித்தான். ரேடியோ மேடையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான், ஊற்றினான், காத்திருந்தான், எழுந்து புட்டியைத் தலைகீழாகக் காட்டினான். மச்சான் பெருமூச்சு விட்டார். காற்று சீறியது. எஞ்சின் சுழன்றது, சுழன்றது, பற்றிக்கொள்ளவில்லை. பொத்தான்காரர் காற்றை நிறுத்தினார். நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக்கில் ஏதோ கோளாறு. இரண்டு பேர் ஓடிவந்து மாற்றினார்கள். கூட்டத்தில் யாரோ “நம்ம ஊர் மோட்டார் பம்ப் மாதிரியே இருக்கே” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பிளக்கை மாற்றிவிட்டு அவர்கள் விலகினார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பொத்தான்காரர் கையை உயர்த்தி, புட்டி என்னாச்சு என்கிற மாதிரி சைகை செய்தார். ரேடியோ பையிலிருந்த அதே காலிப் புட்டியை எடுத்துத் தலைகீழாகக் காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. ஊற்றிவிட்டாயா என்று கேட்கிறார், ஊற்றியாயிற்றே என்றுதான் காட்டினான். பொத்தான்காரருக்கோ, தலைகீழ்ப் புட்டி என்றால் இப்போது புதிதாக ஊற்றியாயிற்று என்று அர்த்தம்.

மச்சானின் கை என் முட்டியை அழுத்தியது. வலித்தது.

“ஊத்தலை” என்றார்.

“என்ன மச்சான்?”

“காத்தடிச்சப்பவே எண்ணெய் போயிடுச்சு. அவன் திரும்ப ஊத்தலை. வறண்டு கிடக்கு.”

வறண்ட பேரிங்கோடு அந்த வேகத்தில் சுழன்றால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற தகடுகள் தெறித்தால் கயிறும் நாற்காலியும் எதையும் தடுக்காது. அவர் பாதி எழுந்துவிட்டார். அப்போது மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அவளுக்கு ஆபத்து எதுவும் தெரியாது. பழக்க தோஷத்தில் அப்பா மேடைக்கு ஓடப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

“அப்பா, இன்னைக்கு ஒரு நாள். ப்ளீஸ்ப்பா” என்றாள், மாமியாருக்குக் கேட்காத குரலில்.

அவர் உட்கார்ந்தார். இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்து கத்தியிருக்க வேண்டிய நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மரமாக இருந்தேன். குழாயில் காற்று சீற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் மகளின் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்தார். எழுந்து ஓடினார்.

கயிற்றைத் தாண்டும்போது ஒரு ஷூ கழன்று விழுந்தது. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, “நிறுத்து, நிறுத்து” என்று ஓடினார். அந்த மனிதர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான். பொத்தான்காரர் காற்றை நிறுத்தினார். மச்சான் ரேடியோவின் பையிலிருந்து புட்டியைப் பிடுங்கி, மேடையோரம் இருந்த எண்ணெய் டின்னிலிருந்து நிரப்பினார். ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் காலுறையோடும் மேடையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் கையில் எண்ணெய் வழிந்து முழங்கைவரை போயிற்று. கடைசிச் சொட்டுக்குக் காத்திருந்தார்.

இத்தனையும் போதாதென்று ஒலிபெருக்கிப் பையன் குஷியாகிவிட்டான். “யாரும் பயப்பட வேண்டாம். நம்ம எஞ்சினுக்கு இத்தனை வருஷமா எண்ணெய் ஊத்துற சொட்டு அண்ணன் லீவு போட்டும் மனசு கேட்காம வந்துட்டார். எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் மூன்று பேர் தட்டவில்லை. மாப்பிள்ளை தன் பெண்டாட்டியைப் பார்த்தான். சம்பந்தியம்மா மேடையைப் பார்த்தார். பெண் தரையைப் பார்த்தாள்.

பிறகு எஞ்சின் ஓடியது. அதைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம், நெஞ்செலும்பு அதிர்ந்ததும், பஞ்சையும் மீறிக் காது அடைத்துப்போனதும், மேடையைச் சுற்றிப் புழுதி எழுந்ததும். ஆனால் அன்று நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. என் அக்கா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அந்த இரைச்சலில் யார் பேச முடியும், அது நிற்கட்டும், நின்றதும் சொல்லுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நின்றது. மச்சான் கையில் ஷூவோடு திரும்பி வந்தார். சம்பந்தியம்மா எழுந்து நின்றார்.

“அப்ப நீங்க டிசைன் பண்றவர் இல்லையா?”

“இல்லீங்க. எண்ணெய் ஊத்துறவன்.” கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். “வெளியில சொல்லிக்கக் கூச்சமா இருந்துச்சு. டிசைன் பண்றேன்னு சொல்லிக்கிட்டேன். வீட்டுலயும் அப்படித்தான். பொண்ணுக்கும் தெரியாது, அவகிட்டயும் அதையே சொல்லித்தான் வளர்த்தேன். மன்னிச்சுக்குங்க.”

“பெத்த பொண்ணுகிட்டயேவா?”

“ஆமாங்க.”

சம்பந்தியம்மா திரும்பி மருமகளின் தோளில் கை வைத்தார், பாவம் என்கிற மாதிரி. அந்தக் கை அவள் தோளில் இருந்த நேரம் முழுவதும் நான் காத்திருந்தேன். அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். என்னால் தாங்க முடியவில்லை. “என்னங்க நீங்க...” என்று நான் ஆரம்பித்ததும், அக்கா என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. புருஷன் எடுத்த முடிவை உடைக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

எஞ்சின் விமானத்தில் ஏறியது. விமானம் ஒரு நாள் நின்ற இடத்திலிருந்து எழும்பி, கொஞ்ச நேரம் ஆகாயத்தில் நின்று, இறங்கவும் செய்தது. இரண்டு நிமிடம் வேலை செய்கிற ஆளை நாள் முழுக்கச் சுமப்பது கட்டுப்படியாகாது என்று பிற்பாடு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். மச்சானைத் தண்ணீர் பம்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வும் பெற்றார். இதெல்லாம் அவரைப் பாதித்ததாகத் தெரியவில்லை.

அவரைப் பாதித்தது வேறு. சம்பந்தியம்மா அன்றிலிருந்து அவரை ‘இஞ்சினியர்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார். விசேஷத்துக்குப் போனால், “வாங்க இஞ்சினியர், ஒதுங்கி நிக்காதீங்க, இங்க ஃபேன் ஓடலை, கொஞ்சம் டிசைன் பண்ணிட்டுப் போங்க” என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து அவரும் சிரிப்பார். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். அதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிட்டார். மகள் வருவது குறைந்துபோனதைத்தான் அவரால் துடைக்க முடியவில்லை. வாராவாரம் வந்தவள் மாதம் ஒரு முறை வந்தாள். அப்புறம் போனோடு சரி. போனிலும் அம்மாவிடம் பேசுவாள். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றால், அவசரம் என்பாள்.

ஒரு நாள் நான் போனபோது அவர் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார்.

“என்ன மச்சான் பண்றீங்க?”

“இல்ல தம்பி. வேலையை விட்டு இவ்வளவு நாளாச்சு. இன்னும் வாடை வருதா என்ன? எனக்குத் தெரியாது, எனக்குப் பழகிப்போச்சு. நீ சொல்லு. பொண்ணு வராம இருக்கிறது அதுக்குத்தானோ என்னவோ.”

நான் அங்கே உட்காரவில்லை. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்ததால், எனக்குக் கண் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பரிசோதனை அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டாள்.

“எழுத்து தெரியுதா மாமா?”

“எனக்கு நல்லாத்தான் தெரியுது. அங்க உங்கப்பா சட்டையை மோந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தன்மேல எண்ணெய் நாத்தம் அடிக்குது, அதனாலதான் நீ வர்றதில்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். அது உனக்குத் தெரியுதா?”

அவள் கையிலிருந்த வில்லையை வைக்க இடம் தேடினாள். வைத்துவிட்டு என் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பா அன்னைக்கு என்னைத் திட்டியிருக்கலாம் மாமா. ஒரு அறை விட்டிருக்கலாம். எனக்காகப் பொய் சொன்னார். எங்க அத்தை என் தோள்ல கை வச்சு எனக்கு ஆறுதல் சொல்றாங்க, நான் வாங்கிக்கிறேன். ராத்திரி வீட்டுல எல்லாரும் அவரைப் பத்திப் பேசினாங்க, அப்பவும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவரைப் பார்ப்பேன்?”

திட்டுவதற்கென்றே வந்தவன் நான். வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். சட்டத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்குத் திரும்பி மச்சானிடம் உள்ளதைச் சொன்னேன். “அவளுக்கு உங்களை நினைச்சு வெட்கமில்லை மச்சான். தன்னை நினைச்சுத்தான் வெட்கம். உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலையாம்.”

அவர் கையிலிருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்.

“இதை முதல்லயே சொல்லக்கூடாதா? வெட்கப்படற பிள்ளையை வா வான்னா எப்படி வரும்? நாமதான் போகணும். கிளம்பு.”

சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தார். “அடடே, இஞ்சினியரா. வாங்க, வாங்க. ஓய்வுல இருந்தாலும் மூளை சும்மா இருக்காதே, புதுசா என்ன டிசைன் பண்ணீங்க?” என்று சிரித்தார். மச்சானும் சிரித்துக்கொண்டே போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்தான். வேலை முடிந்து வந்திருந்த பெண், சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்து, அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன்ப்பா.”

துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, அப்பாவை அப்படிக் கூப்பிடாதீங்க.”

“சும்மா விளையாட்டுக்குத்தானேம்மா. சம்பந்தியே தப்பா எடுத்துக்கிறதில்லை.”

“அப்பா யார்கிட்டயும் டிசைன் பண்றேன்னு சொன்னதே இல்லை. சொன்னது நான். உங்க பையன்கிட்டயும் உங்ககிட்டயும் நான்தான் சொன்னேன். எங்கப்பா எண்ணெய் ஊத்துறார்னு சொல்ல எனக்கு அசிங்கமா இருந்துச்சு.”

“விடும்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று மச்சான் அவசர அவசரமாக எழுந்தார். “நான் சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“அன்னைக்கு அவர் என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னார் அத்தை. அவர் மேல பழி போட்டுட்டு நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். இத்தனை நாளா நீங்க கிண்டல் பண்ணும்போதெல்லாம் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.”

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “உட்காருங்க சம்பந்தி” என்று மட்டும் சொன்னார்.

மச்சான் உட்கார்ந்தார். எத்தனையோ பேர் நடுவில் இஞ்சினியர் என்று கேலி செய்தபோதெல்லாம் நிமிர்ந்தே இருந்த மனிதர், இப்போது தானே ஏதோ தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். மகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் குனிந்துகொண்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.